ஷியா வெண்ணெயின் மேல் ஏற்றிய பொய்ச் சுமை

நம் ஊர் மருந்துக்கடைகளில் சருமப் பூச்சுகள் அடுக்கியிருக்கும் தட்டைப் பாருங்கள். டப்பாவுக்கு டப்பா 'ஷியா பட்டர்' என்று எழுதியிருக்கும். உதட்டுக்கு, குதிகாலுக்கு, முடிக்கு, பிள்ளைத்தாய்ச்சியின் வயிற்றுக்கு, பச்சிளம் குழந்தையின் உடம்புக்கு என்று எல்லாவற்றுக்கும் அதுதான். டப்பாவில் அச்சிட்டிருப்பதையும் அழகுக் குறிப்புகளில் வருவதையும் சேர்த்துப் படித்தால் ஒரே கூற்று திரும்பத் திரும்பக் கண்ணில் படுகிறது. ஆப்பிரிக்கர்கள் பல்லாயிரம் ஆண்டுகளாகக் கையாளும் மருந்து இது, எகிப்து ராணி கிளியோபாட்ராவே பூசினார், வைட்டமின்கள் நிறைந்தது, வெயிலைத் தடுக்கும், தழும்பை மறைக்கும், கரப்பானை ஆற்றும், இயற்கையானது என்பதால் யாருக்கும் கெடுதல் செய்யாது, வாங்கினால் ஆப்பிரிக்கப் பெண்களுக்கு வாழ்வு கிடைக்கும்.

இதில் உண்மை கொஞ்சமும், பொய் நிறையவும் கலந்திருக்கிறது. பொய்யைவிட என்னை உறுத்துவது அதைச் சொல்லும் விதம். மேற்கு ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களின் பாரம்பரியம் என்று சொல்லிக்கொண்டு, அந்தப் பெண்கள் ஒருபோதும் சொல்லாததை அவர்கள் வாயில் போட்டு விற்கிறார்கள். அவர்களுக்கு இந்த வெண்ணெயைப் பற்றித் தெரிந்தது மிக அதிகம். அது என்ன செய்யும் என்பதும் தெரியும், எதற்கு உதவாது என்பதும் தெரியும். ஆகவே கூற்றைத் துண்டு துண்டாக எடுத்துப் பார்ப்போம்.

கிளியோபாட்ராவிலிருந்தே தொடங்கலாம். இந்த வெண்ணெய் ஷியா மரத்தின் கொட்டையிலிருந்து எடுப்பது; அந்த மரம் எகிப்தில் வளர்வதில்லை. சகாரா பாலைவனத்துக்குத் தெற்கே, மேற்கில் செனகல் தொடங்கி கிழக்கில் உகாண்டா, எத்தியோப்பியா வரை சுமார் 5,000 கிலோமீட்டர் நீளும் புல்வெளிப் பட்டையில்தான் அது உண்டு. பழைய எகிப்தியர்கள் உடம்பில் என்னென்ன பூசினார்கள் என்பது ஓரளவு நன்றாகவே தெரிந்த செய்தி: ஆமணக்கெண்ணெய், எள்ளெண்ணெய், முருங்கை இனத்து மரம் ஒன்றின் விதையெண்ணெய், விலங்குக் கொழுப்பு. ராணிக்காக மண்ஜாடிகளில் ஷியா வெண்ணெய் சுமந்துவந்த ஒட்டக வரிசை விளம்பரங்களில் மட்டும்தான் நடக்கிறது; அதற்குப் பழைய ஆவணம் எதையும் யாரும் காட்டுவதில்லை.

இந்தக் கட்டுக்கதை தேவையே இல்லை என்பதுதான் வருத்தம். ஷியாவுக்கு உண்மையான வரலாறு இருக்கிறது, அது ராணியின் கதையைவிடப் பெரியது. புர்க்கினா ஃபாசோவின் மேற்குப் பகுதியில் கிரிகோங்கோ என்ற தொல்லியல் களத்தில், கி.பி. 100 வாக்கிலேயே மக்கள் ஷியாக் கொட்டைகளை உடைத்துப் பயன்படுத்தியிருக்கிறார்கள் என்பதற்கான ஓடுகள் மண்ணடுக்குகளில் கிடைத்தன. பல நூற்றாண்டு அடுக்குகளில் அவை தொடர்ந்து வருகின்றன. அந்த ஆய்வு 2016இல் வெளிவந்தது. 1352இல் மாலிப் பேரரசுக்குப் பயணம் போன இபன் பதூதா, வழியில் கண்ட ஒரு மரத்தைப் பற்றி எழுதிவைத்தார். அதன் பழம் இனிக்கும்; கொட்டையை இடித்து எண்ணெய் எடுக்கிறார்கள்; அந்த எண்ணெயில் சமைக்கிறார்கள், விளக்கெரிக்கிறார்கள், உடம்பில் பூசிக்கொள்கிறார்கள், மண்ணோடு குழைத்து வீட்டுச் சுவருக்குப் பூசுகிறார்கள் என்று வரிசையாகச் சொல்கிறார். ஸ்காட்லாந்துக்காரர் மங்கோ பார்க் 1796இல் நைஜர் ஆற்றங்கரைப் பகுதியில், ஊர் ஊராக மக்கள் இந்தப் பழத்தைப் பொறுக்குவதைக் கண்டார். உப்புச் சேர்க்காமலே ஆண்டு முழுதும் கெடாத இந்த வெண்ணெய் தம் நாக்குக்குப் பசு வெண்ணெயைவிடச் சுவையாக இருந்தது என்று எழுதினார். உள்நாட்டு வாணிகத்தில் இது முக்கியமான சரக்கு என்பதும் அவர் குறிப்புதான்.

இந்த இரண்டு பயணிகளின் குறிப்பிலும் ஒன்று தெளிவாகத் தெரிகிறது. ஷியா முதலில் உணவு. இன்றும் புர்க்கினா ஃபாசோவிலும் மாலியிலும் கானாவின் வடக்கிலும் குழம்பு தாளிப்பதும் பலகாரம் பொரிப்பதும் அதில்தான். பழம் விழும் மே முதல் ஆகஸ்ட் வரையான காலம், போன அறுவடைத் தானியம் தீர்ந்து புது அறுவடை வராத பஞ்ச மாதங்கள். பழச்சதையையே பிள்ளைகள் தின்று பசியாறுகிறார்கள். மரத்தைப் பொதுவாக யாரும் நட்டு வளர்ப்பதில்லை. காடு திருத்தும்போது மற்ற மரங்களை வெட்டிவிட்டு ஷியாவை மட்டும் வயலின் நடுவே விட்டுவைக்கிறார்கள். காய்க்கத் தொடங்கவே பதினைந்து, இருபது ஆண்டு ஆகும் மரம். பாட்டன் விட்டுவைத்ததில் பேத்தி பொறுக்குகிறாள்.

சப்போட்டா, மகிழம், இலுப்பை எல்லாம் இந்த மரத்தின் குடும்பம்தான். இலுப்பைக் கொட்டையிலிருந்து எண்ணெய் ஆட்டிக் கோயில் விளக்குக்கு ஊற்றி, மிச்சத்தை மூட்டு வலிக்குத் தேய்த்த நம் கிராமத்துக்கு, ஒரே கொழுப்பு சமையலுக்கும் விளக்குக்கும் உடம்புக்கும் பயன்படுவதில் வியப்பு ஒன்றும் இருக்காது. இலுப்பெண்ணெயை யாரும் சர்வரோக நிவாரணி என்று சொன்னதில்லை. ஷியாவையும் அதன் சொந்த ஊரில் அப்படிச் சொன்னதில்லை.

அடுத்தது, 'பாரம்பரிய மருந்து' என்ற சொல். பாரம்பரியத்தில் ஷியாவின் வேலை என்ன என்று கேட்டால் விடை தெளிவாக இருக்கிறது. நவம்பரிலிருந்து மார்ச் வரை சகாராவிலிருந்து ஹர்மட்டான் என்ற வறண்ட காற்று புழுதியோடு வீசும். உதடு பிளக்கும், குதிகால் வெடிக்கும், குழந்தைகளின் கன்னத்தில் தோல் உரியும். அந்தக் காற்றுக்கு எதிராகத்தான் குளித்து முடித்ததும் உடம்பு முழுக்கப் பூசுவது. பிறந்த குழந்தைக்கு எண்ணெய் தேய்ப்பது போல ஷியாவைத் தேய்த்து, கை கால் நீவி விடுவது. சுளுக்குக்கும் மூட்டுப் பிடிப்புக்கும் சூடாக்கித் தேய்ப்பது. மூக்கடைப்புக்கு நாசியின் உள்ளே கொஞ்சம் தடவுவது. முடி வறண்டு முறியாமல் இருக்கத் தலையில் பூசிப் பின்னுவது. இவற்றுக்கெல்லாம் மேலே, மூலிகைப் பொடிகளைக் குழைத்துக் களிம்பாக்க அதை அடிப்பொருளாக எடுத்துக்கொள்வது. நம் வைத்தியர்கள் நல்லெண்ணெயையும் தேங்காயெண்ணெயையும் தைலத்துக்கு எடுத்துக்கொள்வதற்கு இது சமம். மருந்து அதில் சேர்த்த இலையிலும் வேரிலும் இருக்கிறது; ஷியா அதை உடம்பில் நிறுத்தி வைக்கிறது. விளம்பரக்காரர்கள் இந்த வேறுபாட்டையே அழித்துவிட்டார்கள். மூலிகைக் களிம்பு செய்ததாகச் சொல்லப்படும் வேலை அத்தனையையும் வெறும் வெண்ணெயின் கணக்கில் எழுதிவிட்டார்கள்.

அந்தப் பெண்களின் உண்மையான அறிவு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமானால், வெண்ணெய் எடுப்பதைப் பார்க்க வேண்டும். விழுந்த பழங்களை விடியலிலேயே போய்ப் பொறுக்குகிறார்கள். புல்லுக்குள் பாம்பு இருக்கும் என்பதால் பார்த்துப் பார்த்துக் கை வைக்கிறார்கள். சதையை நீக்கிக் கொட்டையை வேகவைக்கிறார்கள். முளைக்க விட்டால் கொழுப்பு கெட்டுவிடும், அதனால் தாமதிக்கக் கூடாது. பிறகு வெயிலில் காயவைத்து, ஓட்டை உடைத்து, பருப்பை மறுபடி காயவைத்து, இடித்து, வறுத்து, விழுதாக அரைக்கிறார்கள். அந்த விழுது காப்பிப் பொடி நிறத்தில் இருக்கும். அகன்ற பாத்திரத்தில் போட்டு, முழங்கை வரை கையை விட்டுப் பிசைகிறார்கள். கொஞ்சம் வெந்நீர், கொஞ்சம் தண்ணீர் என்று மாற்றி மாற்றிச் சேர்க்கச் சேர்க்க, விழுது இளகி, கனத்து, மெல்ல வெளுத்து வரும். ஒரு கட்டத்தில் கொழுப்பு வெள்ளைத் திரளாகப் பிரிந்து மேலே மிதக்கும். எந்த நொடியில் வெந்நீரை நிறுத்திக் குளிர்நீர் ஊற்ற வேண்டும் என்பதைக் கை சொல்கிறது. கடிகாரமோ வெப்பமானியோ கிடையாது. சூடு கூடினால் பால் போலக் கலங்கிவிடும், குறைந்தால் திரளாது. மிதக்கும் திரளை வழித்து, பல தண்ணீரில் அலசி, உருக்கிக் கொதிக்கவைத்து, தெளிந்ததை வடித்து ஆறவைத்தால் வெண்ணெய். அடியில் தங்கும் கறுத்த சக்கையையும் வீணாக்குவதில்லை. அடுப்பெரிக்கிறார்கள், மண்சுவரில் பூசுகிறார்கள். இபன் பதூதா கண்ட சுவர்ப்பூச்சு வழக்கம் இன்றும் இருக்கிறது.

இந்த அறிவைப் பற்றி டப்பாவில் ஒரு வரி இருக்காது. அதற்குப் பதில் 'வைட்டமின் ஏ, ஈ, எஃப் நிறைந்தது' என்று இருக்கும். வைட்டமின் ஏ இதில் சொல்லும்படியாக இல்லை. 'வைட்டமின் எஃப்' என்ற பெயரில் இன்று எந்த வைட்டமினும் கிடையாது; லினோலெயிக் போன்ற கொழுப்பு அமிலங்களுக்கு ஒரு காலத்தில் வைத்திருந்த பழைய பெயர் அது. வைட்டமின் ஈ உண்டு. ஆனால் எவ்வளவு? 2004இல் வெளியான ஓர் ஆய்வு பல ஆப்பிரிக்க நாடுகளின் ஷியா மாதிரிகளை அளந்தது. ஒரு கிராமுக்கு 29 மைக்ரோகிராமிலிருந்து 805 மைக்ரோகிராம் வரை இருந்தது. அதிகத்துக்கும் குறைவுக்கும் இருபத்தேழு மடங்குக்கு மேல் வேறுபாடு. வெப்பமும் வறட்சியும் மிகுந்த சாட் நாட்டு மரங்களில் அதிகம், குளிர்ந்த பகுதிகளில் குறைவு. விதை எந்த ஊர் என்றே சொல்லாத டப்பாவில் 'வைட்டமின் ஈ நிறைந்தது' என்று அச்சிடுவதற்குப் பொருளே இல்லை.

ஷியாவில் உண்மையில் நிறைந்திருப்பவை ஸ்டீயரிக், ஒலெயிக் என்ற இரண்டு கொழுப்பு அமிலங்கள். மொத்தத்தில் பெரும்பங்கு இவைதான். ஸ்டீயரிக் கெட்டித்தன்மை தருகிறது. ஒலெயிக் இளக்கம் தருகிறது. இரண்டும் ஏறக்குறைய சரிபாதியாக இருப்பதால்தான் அறையில் கெட்டியாக இருந்து, உள்ளங்கைச் சூட்டில் உருகுகிறது. உகாண்டா பக்கத்து ஷியாவில் ஒலெயிக் கூடுதல், அதனால் அது இன்னும் மென்மை. இவை போக, சோப்பாக மாறாத ஒரு சிறு பகுதி இருக்கிறது. மற்றச் சமையல் எண்ணெய்களில் ஒரு சதவீதம் அளவுக்கு இருக்கும் இந்தப் பகுதி ஷியாவில் பல மடங்கு அதிகம். லூப்பியால், அமைரின் போன்ற பொருள்களின் சின்னமேட்டுகள் அதில் இருக்கின்றன. ஷியாவின் தனித்தன்மை இதுதான், இதைப் பற்றித்தான் பேச வேண்டும்.

வெயிலைத் தடுக்கும் என்ற கூற்று இந்தச் சின்னமேட்டிலிருந்துதான் கிளம்பியது. சின்னமேட்டுகள் புற ஊதாக் கதிரில் ஒரு பகுதியை உறிஞ்சும் என்பது உண்மை. சில சன்ஸ்கிரீன்களில் சேர்க்கும் வேதிப்பொருளும் இதே வகையைச் சேர்ந்தது. அதற்காக ஷியாவைப் பூசிக்கொண்டு மே மாத வெயிலில் இறங்கலாமா? விளம்பரங்களில் 'எஸ்.பி.எஃப். 6' என்று போடுகிறார்கள். அந்த எண்ணையே ஒப்புக்கொண்டாலும் தோலைச் சுடும் கதிரில் ஆறில் ஒரு பங்கு உள்ளே போகிறது. சரும மருத்துவர்கள் சொல்லும் 30 உள்ள பூச்சில் முப்பதில் ஒரு பங்குதான் போகும். அதாவது ஷியா ஐந்து மடங்கு கதிரை விடுகிறது. இந்த எண்கள் எல்லாம் சதுர சென்டிமீட்டருக்கு 2 மில்லிகிராம் என்று தடிமனாகப் பூசி அளப்பவை. பிசுபிசுக்கும் வெண்ணெயை யாரும் அவ்வளவு பூசுவதில்லை. சகாராவுக்குத் தெற்கே உள்ள சகேல் பகுதி மக்கள் வெயிலில் தாங்குவதற்கு அவர்களுடைய தோலின் மெலனினும், தலையிலும் உடம்பிலும் சுற்றும் துணியும், மர நிழலும் காரணம். அவர்கள் ஷியாவை வறட்சிக்குப் பூசினார்கள். வெயில் தடுப்பு என்பது ஷியாவின் வேதி அமைப்பு தெரிந்த பிறகு நிறுவனங்கள் சேர்த்துக்கொண்ட கூற்று.

பிரசவக் கோடுகள் பற்றிய வாக்குறுதி இன்னும் கொடுமை, ஏனென்றால் அது கர்ப்பிணிகளின் ஆசையைக் குறிவைக்கிறது. பிரசவக் கோடு என்பது மேல்தோலுக்குக் கீழே உள்ள நார்கள் இழுபட்டுப் பிரிவதால் வருவது. மேலே பூசும் கொழுப்பு அங்கே போய் நாரைத் தைக்காது. கர்ப்பகாலத்தில் பூசும் களிம்புகளைப் பற்றி 2012இல் வெளியான, மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து ஆராயும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு, 800 பெண்கள் பங்கேற்ற ஆறு சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. கொக்கோ வெண்ணெய், ஆலிவ் எண்ணெய் உள்ளிட்ட எதுவும் கோடு வராமல் தடுத்ததற்கு நல்ல ஆதாரம் கிடைக்கவில்லை. ஷியா வெண்ணெய் கொக்கோ வெண்ணெயின் நெருங்கிய சாயல் கொண்ட கொழுப்பு. வயிறு விரியும்போது வரும் அரிப்புக்கும் இழுவைக்கும் பூசிக்கொள்ளுங்கள், இதமாக இருக்கும். கோடு வந்தால் அது உங்கள் கவனக்குறைவு அன்று. கருமை நீக்கும், நிறம் கூட்டும் என்று சொல்பவர்களுக்கு நீண்ட விடை தேவையில்லை: மெலனின் உருவாவதைத் தடுக்கும் மருந்து எதுவும் இந்த வெண்ணெயில் இல்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் ஒரு கூற்றுக்கும் விடை சொல்லியாக வேண்டும். 'இது வெறும் கொழுப்பு, பாட்டி வைத்தியம், அவ்வளவுதான்' என்று கை உதறுகிறவர்களும் இருக்கிறார்கள். அதுவும் தவறு. சோப்பாக மாறாத அந்தப் பகுதியைப் பிரித்தெடுத்து, ஜப்பானிய ஆய்வாளர்கள் 2010இல் எலிகளின் காதுமடல் வீக்கத்தில் சோதித்தார்கள், வீக்கம் குறைந்தது. நைஜீரியாவில் மூக்கடைப்புக்கு ஷியா தடவும் வழக்கத்தை 1979இலேயே ஒரு மருத்துவ ஆய்வு சோதித்து, பிரிட்டனின் மருந்தியல் இதழில் வெளியிட்டது. தடவிய ஒன்றிரண்டு நிமிடத்துக்குள் மூச்சு இலகுவாகி, அந்த நிலை மணிக்கணக்கில் நீடித்தது. சிறிய, முதற்கட்ட ஆய்வுதான். ஆனாலும் கிராமத்து வழக்கத்தை ஏளனம் செய்யாமல் சோதனைக்கு எடுத்த நேர்மை அதில் இருக்கிறது. இங்கே ஓர் எச்சரிக்கை: குழந்தையின் மூக்கில் எந்த எண்ணெயையும் விடாதீர்கள். நுரையீரலுக்குள் இறங்கினால் கொழுப்பு நிமோனியா வரும்.

கரப்பானுக்கும் வறண்ட தோலுக்கும் ஷியா உதவுவதற்குக் காரணமும் மர்மமானது அன்று. தோலின் மேல் ஒரு கொழுப்புப் படலம் இருந்தால் உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிப் போவது குறைகிறது. வெடித்த இடம் மூடிக்கொள்ள அவகாசம் கிடைக்கிறது. மருத்துவர்கள் கரப்பானுக்கு முதலில் எழுதித் தருவதே ஈரம் காக்கும் பூச்சைத்தான். ஷியா அந்த வேலையைச் செய்யும், நன்றாகவே செய்யும். அதே வேலையைப் பெட்ரோலியம் ஜெல்லி குறைந்த விலைக்கு, இன்னும் இறுக்கமாகச் செய்கிறது. தோல் சிவந்து, நீர் வடிந்து, குழந்தை இரவில் தூங்காமல் சொறியும் கட்டத்தில் இரண்டுமே போதாது. அங்கே மருத்துவர் தரும் மருந்து வேண்டும். 'ஸ்டீராய்டு வேண்டாம், ஷியா போதும்' என்று அறிவுரை சொல்கிறவர்கள் குழந்தையின் வேதனையை நீட்டிக்கிறார்கள்.

பச்சிளம் குழந்தை விஷயத்தில் பாரம்பரியத்தை நான் பாதி ஏற்கிறேன், பாதி மறுக்கிறேன். உடம்பில் தேய்த்து நீவுவதை ஏற்கிறேன். குறைமாதக் குழந்தையின் தோல் ஈரத்தையும் சூட்டையும் பிடித்துவைக்க முடியாதது. டாக்கா மருத்துவமனை ஒன்றில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், குறைமாதக் குழந்தைகளுக்குச் சூரியகாந்தி எண்ணெய் பூசியபோது மருத்துவமனைத் தொற்று 41 சதவீதம் குறைந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022இல் வெளியிட்ட பரிந்துரைகளிலும், குறைமாதக் குழந்தைகளுக்கு எண்ணெய் பூசுவதைப் பரிசீலிக்கலாம் என்று இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்கப் பாட்டிகள் சரியான திசையில்தான் போயிருக்கிறார்கள். ஆனால் கானாவின் வடக்கில், அறுத்த தொப்புள்கொடியின் மேல் ஷியா வெண்ணெய் தடவும் வழக்கமும் உண்டு. அது ஆபத்து. கொடி காய்ந்து விழும்வரை சுத்தமாகவும் உலர்வாகவும் இருக்க வேண்டும். அங்கே எண்ணெய், சாம்பல், மஞ்சள் எதுவும் கூடாது. பிறந்த குழந்தைக்கு ஜன்னியும் தொற்றும் வரும் வாசல் அது. பாரம்பரியம் என்ற ஒரே மூட்டையில் இரண்டையும் கட்டினால், நல்லதோடு இந்தக் கெடுதலும் வீட்டுக்குள் வந்துவிடும்.

'சுத்திகரிக்காததுதான் உண்மையான ஷியா' என்பதும் அரைகுறை. சுத்திகரிக்காத ஷியாவில் சோப்பாக மாறாத பகுதி முழுமையாக இருக்கும், புகை மணமும் இருக்கும். அதே சமயம் பருப்பைப் புகையில் உலர்த்தியிருந்தால் புகைக்கரி வேதிப்பொருள்கள் அதில் ஏறியிருக்கலாம். கொட்டை முளைத்த பிறகோ பூஞ்சை பிடித்த பிறகோ எடுத்திருந்தால் அமிலம் கூடிக் காறல் வாடை வரும். ஆப்பிரிக்க நாடுகளுக்கென்று சுத்திகரிக்காத ஷியாவுக்குப் பன்னாட்டு உணவுத் தர அமைப்பான கோடெக்ஸ் 2017இல் தர அளவு வகுத்ததே, சுத்திகரிக்காதது எல்லாம் ஒரே தரமாக இல்லாததால்தான். வாங்கி வைத்த ஷியா ரவை போலத் திரிந்துவிட்டால் அது கலப்படம் என்று பயப்பட வேண்டாம். நம் கோடையில் உருகி, மெதுவாக ஆறினால் ஸ்டீயரிக் பகுதி தனியே படிகமாகும். உருக்கிச் சட்டென்று குளிரவைத்தால் சரியாகிவிடும்.

யாருக்கும் கெடுதல் செய்யாது என்ற கூற்றுக்கு நம் ஊர் வானிலையே விடை. ஷியா பிறந்த ஊரில் ஆண்டில் பல மாதம் காற்றில் ஈரமே இல்லை. சென்னை, நாகை, தூத்துக்குடியில் காற்றே ஈரம். வேர்க்கும் உடம்பில் கெட்டிக் கொழுப்பைப் பூசி மூடினால் வேர்க்குரு கூடும். எண்ணெய்ப் பசையுள்ள முகத்தில் பரு வரும். தேமலுக்கும் பொடுகுக்கும் காரணமான மலசீசியா என்ற பூஞ்சை தோலின் கொழுப்பைத் தின்று வளர்வது. தேமல் உள்ள முதுகில் ஷியாவைத் தேய்ப்பது அதற்குச் சோறு போடுவதுதான். ஊட்டியில், கொடைக்கானலில், மார்கழியில் உதடு வெடிக்கும்போது, பித்தவெடிப்புக்கு, பாத்திரம் துலக்கித் துலக்கி வறண்ட கைக்கு ஷியா பொருத்தம். ஆடி மாதப் புழுக்கத்தில் முகத்துக்குப் பொருந்தாது.

கடைசியாக, அந்தப் பெண்களின் வாழ்வு. சுமார் 1.6 கோடிப் பெண்கள் ஷியாவைப் பொறுக்கியும் பதப்படுத்தியும் வருமானம் தேடுகிறார்கள் என்று உலக ஷியா கூட்டமைப்பு கணக்கிடுகிறது. அவர்கள் பொறுக்குவதில் ஏற்றுமதியாகும் பெரும்பகுதி சருமப் பூச்சுக்கே போவதில்லை. சாக்லேட்டுக்குப் போகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2000இல் இயற்றிய விதிப்படி, சாக்லேட்டில் 5 சதவீதம் வரை கொக்கோ வெண்ணெய்க்கு மாற்றாக ஆறு தாவரக் கொழுப்புகளைச் சேர்க்கலாம். ஷியா அவற்றில் ஒன்று. நம் நாட்டுச் சால் விதை, கோகம், மாங்கொட்டைக் கொழுப்புகளும் அந்தப் பட்டியலில் உண்டு. பருப்பு மூட்டையாகக் கப்பலேறி ஐரோப்பிய ஆலைகளில் பிரியும்போது, முழங்கை வரை கைவிட்டுப் பிசையும் அந்த வேலை அங்கே தேவைப்படுவதில்லை. பெண்களுக்குக் கிடைப்பது பொறுக்கிய கூலி மட்டும். பதப்படுத்துவதில் வரும் லாபம் கடல் கடந்துவிடுகிறது. உலக விளைச்சலில் ஏறக்குறைய 40 சதவீதம் தன்னுடையது, சந்தை மதிப்பில் ஒரு சதவீதமே தனக்குக் கிடைக்கிறது என்று சொல்லித்தான், 2025 ஆகஸ்டில் நைஜீரிய அரசு பதப்படுத்தாத ஷியாப் பருப்பின் ஏற்றுமதிக்கு ஆறு மாதம் தடை போட்டது. இடையில் மரத்தையும் கரிக்காக வெட்டுகிறார்கள். பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் சிவப்புப் பட்டியலில் ஷியா, அழியும் ஆபத்தை நோக்கிப் போகும் இனங்களில் ஒன்றாக இருக்கிறது. ஆக, ஒரு டப்பா வாங்கியதால் புர்க்கினா ஃபாசோவில் ஒரு குடும்பம் நிமிர்ந்துவிட்டது என்று நம்ப இடமில்லை. கூட்டுறவுச் சங்கப் பெண்கள் தாங்களே எடுத்து விற்கும் வெண்ணெய்க்கு நல்ல விலை தரும் நிறுவனங்களும் உண்டு. அப்படிப்பட்டவர்கள் சங்கத்தின் பெயரையும் ஊரையும் மறைப்பதில்லை.

ஆகவே, வாங்குகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். வறண்ட தோலுக்கு ஒரு நல்ல கொழுப்பு வேண்டுமென்றால் ஷியாவைத் தாராளமாக வாங்குங்கள். வெயிலுக்கும் தழும்புக்கும் நோய்க்கும் அதை நம்பி இருந்துவிடாதீர்கள். வாங்கும்போது கடைக்காரரிடமும் நிறுவனத்திடமும் மூன்று கேள்வி கேளுங்கள்: விதை எந்த நாட்டுடையது, வெண்ணெயை எடுத்தது யார், சுத்திகரித்ததா இல்லையா. இந்த மூன்றுக்கும் டப்பாவில் விடை அச்சிட்டிருக்கும் ஷியாவுக்குப் பணம் கொடுங்கள்.